சங்ககிரியில் நின்ற கார்

அத்தியாயம் 11

காலை ஏழு இருபதுக்கு நீச்சல் பயிற்சியாளரிடமிருந்து போன் வந்தது.

“மேடம், இளவேனில் இன்னிக்கு லீவுங்களா?”

நந்திதா பால் அடுப்பை அணைத்தாள். “இல்லீங்களே. ஆறேகாலுக்கே அவங்க தாத்தாகூட ஆட்டோவுல கெளம்பியாச்சுங்களே.”

“இன்னும் இங்க வரலீங்க மேடம். அதான் கேட்டுக்கலாம்னு.”

போனைக் காதில் வைத்தபடியே அவள் இரண்டு மாடி இறங்கி ஓடினாள். சின்னியம்பாளையத்து அடுக்குமாடிக் குடியிருப்பில், கார் நிறுத்தும் இடத்தில், அவர்களுடைய கட்டம் காலியாக இருந்தது. சுவரில் சார்ஜர் ஒயர் அழகாகச் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது.

மாமனார் திருமூர்த்திதான் அப்படிச் சுருட்டுவார். முப்பது வருடம் மோட்டார் பம்ப் பட்டறை நடத்தியவர். எந்த ஒயரையும் தரையில் விடமாட்டார்.

ஆனால் அவர் காரைத் தொடவே கூடாது. மூன்று வாரத்துக்கு முன்பு சர்க்கரை இறங்கிக் குளியலறையில் மயங்கி விழுந்தார். டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: “இன்சுலின் போட்ட அரை மணிக்குள்ள சாப்பிடோணுமுங்க. இன்னொண்ணு, மறு உத்தரவு வர்ற வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது.” அதற்குப் பிறகு பேத்தியை நீச்சலுக்குக் கூட்டிப்போவதுகூட ஆட்டோவில்தான்.

நந்திதா மறுபடி மேலே ஓடினாள். சாப்பாட்டு மேஜையில் இன்சுலின் பேனா மூடி கழன்று கிடந்தது. பக்கத்தில் தட்டைக் கவிழ்த்து மூடிய நான்கு இட்லி. தட்டைத் தூக்கிப் பார்த்தாள். நான்கும் அப்படியே இருந்தன.

ஊசி போட்டிருக்கிறார். சாப்பிடவில்லை. ஏழு வயது இளவேனிலைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு கார் ஓட்டிப் போயிருக்கிறார்.

எங்கே என்று யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று. அவளுக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது.

போன வாரம் நாத்தனார் வர்ஷினியிடமிருந்து வந்த போனை நந்திதா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு, கணவன் மனோஜ்குமாரின் அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு ஓடிவந்தவள் வர்ஷினி. “திரும்பி அங்க போனாத்தான் நீ எனக்கு மகள்” என்று வாசலோடு அனுப்பிவிட்டார் திருமூர்த்தி. அவள் பெங்களூர் போனாள், வேலை தேடிக்கொண்டாள், விவாகரத்தும் வாங்கினாள். அப்பாவிடம் அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது வயிற்றில் கட்டி. இன்று, சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு ஆபரேஷன்.

“அப்பாவுக்குச் சொல்லாதீங்க அண்ணி. நீங்க மட்டும் வாங்க. மயக்கம் தெளியறப்ப தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தாப் போதும்.”

ஆபீஸ் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, இன்று காலை எட்டு மணிக்கு நந்திதா கிளம்புவதாக இருந்தாள். எலெக்ட்ரிக் காரில் அவள் தனியாகப் போகும் முதல் நீண்ட பயணம். முந்நூற்று அறுபது கிலோமீட்டர். நாலு நாள் உட்கார்ந்து ஒரு தாள் எழுதியிருந்தாள். எங்கே நிறுத்துவது, எத்தனை நிமிடம் சார்ஜ் போடுவது, அங்கே பாத்ரூம் இருக்கிறதா, அந்த மிஷின் வேலை செய்யாவிட்டால் அடுத்தது எத்தனை கிலோமீட்டரில். ‘சங்ககிரி, 35 நிமிடம், டிபன்’ என்று முதல் நிறுத்தம். ‘கிருஷ்ணகிரி, 25 நிமிடம், டீ’ என்று அடுத்தது. கடைசி வரியில் ‘வர்ஷினி ஆபரேஷன், 4 மணி’, ஆஸ்பத்திரியின் பெயர், மூன்றாவது மாடி, அறை எண் 312.

அந்தத் தாளை மடித்து, டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைப்பில் செருகிவைத்திருந்தாள்.

அவர் பார்த்துவிட்டார்.

மாமனாரின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ஐந்தாவது முறையும் எடுக்கவில்லை. கணவன் கிருபாசங்கர் ஆறரை மணி விமானத்தில் டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்தான். கார் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப் அவன் போனில்தான் இருந்தது. பத்து மணிவரை அந்தப் போன் அணைந்திருக்கும்.

கீழ் வீட்டு ரிஃபானா கதவைத் திறந்ததும் நந்திதாவின் முகத்தைப் பார்த்தாள். என்னவென்று கேட்பதற்கு முன்பே கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

“வழியில சொல்லு. ஏறு.”

*

அவிநாசி தாண்டும்வரை நந்திதா பேசிக்கொண்டே வந்தாள். பேச்சை நிறுத்தினால் வேறு எதையாவது நினைக்கவேண்டி வரும்.

“நேத்து சாயங்காலம் கரண்ட் போயிருச்சு ரிஃபானா. ராத்திரி பூரா கார்ல சார்ஜே ஏறல. அம்பத்தெட்டு பர்சென்ட்தான் இருந்துச்சு. காலையில போறப்ப இங்கயே எங்கயாவது ஏத்திக்கலாம்னு விட்டுட்டேன்.”

“அம்பத்தெட்டுன்னா எவ்வளவு தூரம் போகும்?”

“மெதுவாப் போனா நூத்தி அறுவது. ஏசி போட்டு நூறுல போனா நூத்தி முப்பதுகூட வராது. சங்ககிரி நூத்தி இருவத்தஞ்சு.”

ரிஃபானா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வண்டியின் வேகத்தைக் கூட்டினாள்.

காரில் எத்தனை சதவிகிதம் மிச்சம் என்பதைத் திரை காட்டிக்கொண்டே இருக்கும். மாமனாரின் உடம்பில் எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்ட எதுவும் இல்லை. கை நடுங்கும், வேர்க்கும், கண் மங்கும். போன தடவை இது எதையும் அவர் வெளியில் சொல்லவில்லை. “ஒண்ணுமில்லீம்மா, பித்தம்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவர்தான்.

“போலீசுக்குச் சொல்லிரலாம்” என்றாள் ரிஃபானா.

“சொல்லிட்டேன். வண்டி நம்பர் வாங்கிட்டாங்க. டோல்கேட்டுல பாக்கச் சொல்றேன்னாங்க.”

“மாமா எதுக்கு அங்க போறாரு? மக மேல அவ்வளவு கோவம்னு சொல்லுவியே.”

“அதுதான் பயமா இருக்கு. சண்டை போடப் போறாரா, பாக்கப் போறாரான்னு தெரியல.”

“சரி, குழந்தைய எதுக்குக் கூட்டிட்டுப் போகோணும்?”

நந்திதா மாமனாரின் நம்பரை மறுபடி அழுத்தினாள். மணி மட்டும் அடித்தது.

பெருந்துறையில் ஒரு பேக்கரி வாசலில் சார்ஜர் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. முதல் நிறுத்தத்துக்கு மாற்றாகத் தாளில் அதையும் எழுதி, பேக்கரியின் நம்பரைப் போனில் பதிந்திருந்தாள். அழைத்தாள்.

“ஏனுங்க, உங்க கடை முன்னால சார்ஜருக்கு நீல கலர் கார் ஏதாச்சும் வந்துச்சுங்களா? பெரியவரு ஒருத்தரு, கூட சின்னப் பாப்பா?”

“சித்த இருங்க, எட்டிப் பாத்துட்டு வாரேன்.” செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. “இல்லீங்கம்மணி. காலையிலிருந்து ஒரு வண்டியும் வரலீங்க. வந்தா என்ன சொல்லோணும்?”

“உக்காரவச்சு ஏதாச்சும் இனிப்பா சாப்பிடக் குடுங்க. போக உடாதீங்க. இந்த நம்பருக்கு ஒரு போன் அடிங்க.”

“ஆகட்டுங்க. பதறாதீங்க, நா வாசல்லயே நின்னுக்கறேன்.”

அவர் பெருந்துறையைத் தாண்டிப் போய்விட்டிருப்பார் என்று நந்திதாவுக்குத் தெரிந்தது. மாமனாரின் குணம் அவளுக்குத் தெரியும். எழுதி வைத்தால் எழுதி வைத்தபடிதான் செய்வார். பட்டறையில் வரைபடத்தை ஒரு நூல்கூட மாற்றவிட மாட்டார் என்பார்கள். டிபன் சங்ககிரியில் என்று தாளில் இருந்தால், அவருக்கும் டிபன் சங்ககிரியில்தான்.

அவள் தனக்காக எழுதிய தாள் அது. எட்டு மணிக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கான தாள். ஆறு மணிக்கு ஊசி போட்டுக்கொண்ட அறுபத்தெட்டு வயது மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு போகிறார்.

எட்டு முப்பத்தொன்றுக்கு, விஜயமங்கலம் டோல்கேட்டைத் தாண்டும்போது, அவள் போன் சிணுங்கியது.

சார்ஜிங் தொடங்கியது. சங்ககிரி. கன் 1. பேட்டரி 11 சதவிகிதம்.

காரில் இருந்த சார்ஜிங் கார்டு அவள் பெயரில் பதிவானது. எங்கே தேய்த்தாலும் செய்தி அவளுக்குத்தான் வரும்.

“ரிஃபானா! சங்ககிரி போய்ச் சேந்துட்டாரு. சார்ஜ் போட்டுட்டாரு!”

“அல்ஹம்துலில்லாஹ்.” ரிஃபானா ஸ்டியரிங்கில் தட்டினாள். “கைநடுக்கம் இருந்தா அந்த சார்ஜர் கன்னைத் தூக்கி வண்டியில மாட்டவே முடியாது நந்திதா. நல்லாத்தான் இருக்காரு.”

நந்திதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தின் ஓட்டல் நம்பரை அழைத்தாள். டிபன் அங்கேதான். முதலில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிடலாம்.

இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது போன்.

மறுபடி அழுத்தினாள். உபயோகத்தில் இல்லை.

சார்ஜிங் ஆப்பைத் திறந்து, அந்த இடத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்தாள். நாலு நாள் முன்பு அவள் பார்த்தபோது இல்லாத ஒரு வரி மேலே இருந்தது. முந்தாநாள் யாரோ எழுதியது. ‘மிஷின் ஓடுகிறது. ஓட்டலை மூடிவிட்டார்கள். அங்கே ஆளே இல்லை.’

*

மாமனாரின் நம்பருக்கு அவள் பதினோராவது முறையாக அடித்தாள். இந்த முறை எடுக்கப்பட்டது.

“மாமா! மாமா, எங்கீங்க இருக்கீங்க?”

“அம்மா.”

குழந்தையின் குரல் மெலிந்து ஒலித்தது.

“கண்ணு, அப்பாருகிட்ட குடு.” தாத்தாவை இளவேனில் அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள்.

“அப்பாரு தூங்கறாருங்கம்மா. எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கறாரு.”

ரிஃபானா வண்டியை ஓரங்கட்டினாள். ஒன்றும் கேட்காமல் தன் போனை எடுத்து 108ஐ அழுத்தினாள்.

நந்திதா தன் தொடையை நகம் பதிய அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். “சரி கண்ணு. நீ எங்க உக்காந்திருக்கற?”

“பின்னாடி.”

“அப்பாரு?”

“முன்னாடி. தலைய இப்படி சாச்சுட்டு. வேர்வையா ஊத்துது அம்மா. சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு. கர்ர்னு சத்தம் வருது.”

சத்தம் வருகிறது. மூச்சு இருக்கிறது.

“கார்ல ஏசி ஓடுதா?”

“ம்.”

“உம்பட பக்கத்துக் கதவைத் தொறந்து பாரு.”

“தொறக்கல.” கைப்பிடி டக் டக் என்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பின்கதவுகளுக்குக் குழந்தைப் பூட்டுப் போட்டது நந்திதாதான். “அம்மா, நா அப்பாருக்கு ஜூஸ் குடுக்கட்டா? என் பையில மாம்பழ ஜூஸ் இருக்கு. ஸ்ட்ரா போட்டு வாயில வச்சேன். குடிக்கல. கொஞ்சம் ஊத்தறேன்.”

“ஊத்தாத!”

அவள் கத்தியதில் குழந்தை அழத் தொடங்கியது.

“அம்மா உன்னைத் திட்டல கண்ணு. ஜூஸை எடுத்து வச்சிரு. தூங்கறப்ப ஊத்துனா மூச்சுக்குள்ள போயிரும், அதான். நீ ஊத்துனியா? ஒரு சொட்டாச்சும்?”

“இல்ல. உதட்டுலதான் பட்டுச்சு.”

“நல்ல புள்ள. இப்ப வெளிய பாரு. யாராச்சும் இருக்காங்களா?”

“யாருமே இல்லம்மா. ஓட்டலு பூட்டிக் கெடக்கு. நாயி ஒண்ணு படுத்திருக்கு.”

நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் இரைச்சல் போனுக்குள் கேட்டது. நூறு கெஜத்துக்குள் ஆயிரம் வண்டிகள் போகின்றன. ஒருவருக்கும் தெரியாது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் காரில் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிற மனிதரைப் பார்த்தால், யாரும் ஓய்வெடுக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

பக்கத்தில் ரிஃபானா இடத்தின் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஆம்புலன்ஸ் கெளம்புது. கால் மணி நேரம் ஆகும்கறாங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கோணுமாம், யாராச்சும் பக்கத்துல இருக்காங்களான்னு கேக்கறாங்க.”

யாராவது. நந்திதா பேசிக்கொண்டே ஆப்பைத் திறந்தாள். கன் 1: உபயோகத்தில். அதற்குக் கீழே, கன் 2: உபயோகத்தில், 64 சதவிகிதம்.

“இளா, உன் பக்கத்துல இன்னொரு வண்டி நிக்குதா?”

“ஆமா. வெள்ளை. மேல டாக்ஸின்னு போட்டிருக்கு. உள்ள ஆளில்ல.”

வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு டிரைவர் தொலைவாகப் போயிருக்க முடியாது. டீ குடிக்கவோ, முகம் கழுவவோ, எங்கேயோ காது கேட்கும் தூரத்தில்தான் இருப்பார்.

“கண்ணு, நல்லாக் கேட்டுக்கோ. ரெண்டு சீட்டுக்கும் நடுவால முன்னாடி ஏறிப் போ. போனைக் கட் பண்ணிராத, ஸ்பீக்கர்ல போட்டு சீட்டுல வை. ஸ்டியரிங் நடுவுல ரெண்டு கையையும் வச்சு அமுத்து. ஹாரன் அடிக்கும். அடிச்சுட்டே இரு.”

“அப்பாரு முழிச்சுருவாரு.”

“முழிச்சா நல்லதுதான் கண்ணு. அடி.”

உராயும் சத்தம். ஏதோ விழுந்தது. ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு ஹாரன் அலறியது. நின்றது. மறுபடி அலறியது. நாய் குரைத்தது. ரிஃபானா வண்டியைக் கிளப்பி மறுபடி சாலையில் ஏற்றியிருந்தாள். வேகமுள் நூற்றிருபதைத் தொட்டது. நந்திதா ஹாரன் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து. பதினைந்து. இருபத்திரண்டில் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

“ஏம் பாப்பா? என்னாச்சு?” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆண் குரல்.

“அம்மா, ஒரு மாமா வந்திருக்காரு. பயமா இருக்கு.”

“பயப்படாத. அப்பாருக்கு மேல சாஞ்சு, அவரு பக்கத்துக் கதவோட கைப்பிடியை இழு. பலமா இழு.”

கதவு திறந்தது. சாலையின் இரைச்சல் முழுவதுமாக உள்ளே வந்தது.

“ஹலோ, யாருங்க?” என்றது அந்தக் குரல், இப்போது போனுக்கு வெகு அருகில்.

“ஐயா, நா அந்தக் குழந்தையோட அம்மா. அவரு சர்க்கரைக்காரரு. ஊசி போட்டுட்டுச் சாப்பிடல. வாயில தண்ணி கிண்ணி ஊத்திராதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வையிங்க. ஆம்புலன்ஸ் வருது.”

“புரிஞ்சுதுங்க. எங்க அம்மாவுக்கும் இதே கதைதான்.” அவர் யாரையோ கூப்பிட்டு உரக்கக் கத்தினார். “டீக்கடை அண்ணா, ஒரு பொட்டலம் சர்க்கரை எடுத்துட்டு ஓடியா! சீக்கிரம்!” பிறகு தணிந்த குரலில், “எம்பேரு கதிரேசனுங்க. கன்னத்துக்குள்ள துளி சர்க்கரை தேச்சு உடறேன். பாப்பாவை நாம் பாத்துக்கறேன். நீங்க மெதுவா வாங்க.”

மெதுவாகப் போக ரிஃபானாவுக்கும் மனசில்லை, நந்திதாவுக்கும் மனசில்லை.

*

சங்ககிரி அரசு ஆஸ்பத்திரியில் அவர்கள் நுழைந்தபோது மணி ஒன்பது நாற்பது.

இளவேனில் நீச்சல் உடைக்கு மேல் யாருடைய துண்டையோ போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒல்லியான ஒரு மனிதர், கையில் கடித்த பன்னோடு. அம்மாவைப் பார்த்ததும் குழந்தை ஓடிவரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டியது. நந்திதா தூக்கியதும் கழுத்தை இறுக்கிக்கொண்டது. அந்தப் பிடி பிறகு விடவே இல்லை.

“முழிச்சுட்டாருங்க” என்றார் கதிரேசன். “ஆம்புலன்ஸ்லயே குளுக்கோஸ் ஏத்துனாங்க. கண்ணைத் தொறந்ததும் ‘வண்டியில எத்தனை பர்சென்ட்’னு கேட்டாருங்க.”

நந்திதா அவரைக் கும்பிட்டாள்.

கட்டிலில் திருமூர்த்தி சிறுத்துப்போய்க் கிடந்தார். புறங்கையில் ஊசி. மருமகளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அங்க டிபன்னு எழுதியிருந்துச்சும்மா. போய்ப் பாத்தா பூட்டிக் கெடக்குது. சித்த நேரம் கண்ணை மூடலாம்னு சாஞ்சேன்.”

“எம்புள்ளைய எதுக்குங்க மாமா கூட்டிட்டு வந்தீங்க?”

அவர் ஊசி இல்லாத கையால் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினார்.

“நா மட்டும் போய் நின்னா அவ கதவைத் தொறக்க மாட்டா. பேத்தியைக் கையில பிடிச்சுட்டுப் போனா தொறப்பான்னு நெனச்சேன்.”

“கதவைத் தொறக்கறதுக்குக் கொண்டு போற சாவிங்களா எம்புள்ள? இன்னிக்கு அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா? டாக்டர் என்ன சொன்னாரு? அம்பதடி முன்னால மயக்கம் வந்திருந்தா, லாரிக்கு அடியிலங்க மாமா! ரெண்டு பேரும்!”

திருமூர்த்தியின் கண்ணோரம் நனைந்து தலையணையில் இறங்கியது. “தப்புதாம்மா. தப்புதான். ஆபரேசனுக்குள்ள போறதுக்கு முன்னால ஒருக்கா எம்பட மகளைப் பாத்துரோணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் தெரியல எனக்கு.”

இத்தனை வருடத்தில் அவர் அழுது நந்திதா பார்த்ததில்லை. கோபத்தைத் தொடர்ந்து பிடித்துவைத்திருக்க அவளால் முடியவில்லை. இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். காரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. மாமாவுடன் ரிஃபானா இருப்பாள். இப்போது கிளம்பினால்கூட வர்ஷினி கண் விழிக்கும்போது பக்கத்தில் இருக்கலாம்.

அப்போது போன் அடித்தது. தெரியாத எண், பெங்களூர்.

“நந்திதா அவர்களா?” கன்னடம் கலந்த தமிழில் ஒரு பெண் பேசினாள். “ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். வர்ஷினி பேஷன்ட் ஃபார்ம்ல உங்க நம்பர்தான் கொடுத்திருக்காங்க. அவங்க உங்ககூட இருக்காங்களா?”

“எங்கூடவா? இல்லீங்களே. அங்கதானே இருக்கா?”

“ஏழு மணிக்கு சிஸ்டர் போனப்போ ரூம்ல இல்லை. பை இருக்கு, டிரெஸ் எல்லாம் இருக்கு. செருப்பும் போனும் மட்டும் இல்லை. கேன்டீன், பாத்ரூம், மொட்டை மாடி எல்லா இடமும் தேடிட்டோம். ஆபரேஷனுக்குச் சாப்பிடாம வேற இருக்காங்க. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா உடனே சொல்லுங்க.”

நந்திதா வர்ஷினியின் நம்பரை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் அதேதான்.

அவள் மெதுவாகக் கட்டிலின் பக்கம் திரும்பினாள். திருமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா. கெளம்பறதுக்கு முன்னால வர்ஷினிக்குப் போன் பண்ணுனீங்களா?”

“போன் பண்ணல. அவதான் எடுக்க மாட்டாளே. ஒரே ஒரு மெசேஜுதாம்மா போட்டேன்.”

“என்னன்னு?”

அவருடைய போன் இளவேனிலின் கையில் இருந்தது. நந்திதா அதை வாங்கி அவர் விரலை வைத்துத் திறந்தாள். காலை ஐந்து ஐம்பதுக்கு அனுப்பிய செய்தி. இரண்டு நீலக் கோடு விழுந்திருந்தது. வர்ஷினி படித்திருக்கிறாள்.

‘கண்ணு, அப்பா வந்துட்டிருக்கேன். பழசையெல்லாம் மறந்துரலாம். மாப்பிள்ளையும் தனி வண்டியில வர்றாரு. ரூம் நம்பர் 312ன்னு அவருக்கும் சொல்லியிருக்கேன்.’

நந்திதா குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“மனோஜ்குமாருக்கு ரூம் நம்பர் குடுத்தீங்களா?”

“அவன் நேத்து ராத்திரி அழுதாம்மா போன்ல. திருந்திட்டேன், ஒருக்கா அவ காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கறேன்னான். இந்த மாதிரி நேரத்துலதான் ஒண்ணு சேருவாங்கன்னு நா...” அவர் நிறுத்திவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தார். “எதுக்கும்மா இப்படிப் பாக்கற? அவளுக்கு என்ன?”

“அவ ரூம்ல இல்லீங்க மாமா. ஓடிட்டா.”

திருமூர்த்தி எழுந்து உட்காரப் பார்த்தார். குளுக்கோஸ் பாட்டில் ஆடியது.

“ஏன்? எதுக்கு ஓடோணும்?”

“உங்களுக்குத் தெரியாதுங்களா? அன்னிக்கு நம்ம ஊட்டு வாசல்ல வந்து நின்னாளே, அவ கையில இருந்த காயத்தைப் பாத்தீங்கதானே?”

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“மனோஜ்குமாரு எத்தனை மணிக்குக் கெளம்புனாருங்க?”

“நாலரைக்கு. திருப்பூர்லருந்து.”

சுவரில் இருந்த கடிகாரத்தை நந்திதா பார்த்தாள். பத்து பத்து.

“வழியில எங்காச்சும் நிக்கறேன்னு சொன்னாரா? இப்ப எங்க இருப்பாரு?”

“டீசல் வண்டிம்மா அது.” திருமூர்த்தியின் குரல் காற்றாகத்தான் வந்தது. “எங்கயும் நிக்க வேண்டியதில்ல, பத்து மணிக்கெல்லாம் அங்க இருப்பேன்னு சொன்னான்.”